கதைத் திருட்டு வழக்கு எங்கே நிற்கும், எங்கே விழும்?

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஓர் உதவி இயக்குநர். மூன்று வருடம் முன்பு ஒரு தயாரிப்பு அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கதை சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பே திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் நான்கு பக்கக் கதைச் சுருக்கத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். இப்போது வெளிவந்திருக்கும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "இது என் கதைதான், வழக்குப் போட்டால் நிற்குமா?" என்கிறார். கூடவே இன்னொரு சந்தேகம்: தன் குறும்படத்தில் நாயகன் ஒரு பழைய சினிமாப் பாட்டை முணுமுணுக்கிறான், பத்து விநாடிக்குள் இருந்தால் அனுமதி வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?

முதல் கேள்விக்கு என் பதில், அந்த நான்கு பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு மணி நேரம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்கும் எதிரே இருந்தவருக்கும்தான் தெரியும். நீதிமன்றத்தில் அவர் "ஏதோ ஒரு லைன் சொன்னார், ஞாபகமில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நீங்கள் எடுத்துக் காட்ட முடிவது எழுத்தில் இருப்பதை மட்டுமே.

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. கதை, திரைக்கதை, வசனம் எல்லாம் அதில் இலக்கியப் படைப்பு என்ற வகையில் அடங்கும். ஆனால் கருவுக்கு உரிமை கிடையாது. அந்தக் கருவை நீங்கள் விரித்து எழுதிய விதத்துக்குத்தான் உரிமை. "அப்பாவைக் கொன்றவனைப் பழிவாங்கும் மகன்", "இறந்தவன் உடலுக்குள் இன்னொருவன் ஆவி", "கிராமத்து ஆசிரியர் ஒரு தலைமுறையையே மாற்றுகிறார்" இதெல்லாம் யாரும் எடுக்கலாம். அந்த மகன் யார், எப்படித் தெரிந்துகொள்கிறான், எந்த இடத்தில் தடுமாறுகிறான், எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி வருகிறது, முடிவை நோக்கிக் கதை எப்படித் திரும்புகிறது என்று போகப் போகத்தான் அது உங்களுடையதாகிறது. கோடம்பாக்கத்து மொழியில் சொன்னால், ஒன் லைனுக்குப் பாதுகாப்பு இல்லை, ‘நாட்’ எனும் கதை முடிச்சுக்குப் பெரும்பாலும் இல்லை, சீன் ஆர்டருக்கு, அதாவது காட்சி வரிசைக்கு, கொஞ்சம் உண்டு, வசனத்தோடு முழுமையாக எழுதிக் கட்டிய பவுண்ட் ஸ்கிரிப்டுக்கு நிறைய உண்டு.

இந்த விஷயத்தில் இன்றைக்கும் எல்லா நீதிமன்றமும் திரும்பிப் பார்ப்பது 1978-இல் உச்ச நீதிமன்றம் தந்த ஆர்.ஜி. ஆனந்த் தீர்ப்பைத்தான். உங்கள் நிலைமைக்கு அது மிக நெருக்கமானது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆனந்த் டெல்லிக்காரர். 1953-இல் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்று ஒரு நாடகம் எழுதினார். பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு மதராஸிக் குடும்பம்; பிள்ளைகள் காதலிக்கிறார்கள்; மாகாண வெறி குறுக்கே நிற்கிறது. நாடகம் நன்றாக ஓடியது. படமெடுக்கலாமா என்று இயக்குநர் மோகன் சேகல் விசாரித்தார். 1955 தொடக்கத்தில் ஆனந்த் அவருக்கு நாடகம் முழுவதையும் நேரில் சொன்னார். அதன்பின் அங்கிருந்து பேச்சே இல்லை. 1956-இல் ‘நியூ டெல்லி’ படம் வந்தது. அதிலும் பஞ்சாபிப் பையன், தமிழ்ப் பெண், மாகாண வெறி.

கதை சொன்னதில் சந்தேகமில்லை, கேட்டவர்தான் படமெடுத்தார் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனாலும் ஆனந்த் மூன்று நீதிமன்றத்திலும் தோற்றார். நாடகம் பேசியது கல்யாணத்தில் குறுக்கிடும் மாகாண வெறியை மட்டும். படமோ, வெளி மாநிலத்தானுக்கு வீடு கிடைக்காத கொடுமையில் தொடங்குகிறது. நாயகன் மதராஸி வேஷம் போட்டு வீடு பிடிக்கிறான். நடுவே வரதட்சணைப் பிரச்சினை தனியாக ஓடுகிறது. கரு ஒன்று, கையாண்ட விதம் வேறு என்றது நீதிமன்றம். இரண்டையும் பார்த்த ஒரு சாதாரண ரசிகனுக்கு, இது அதன் நகல்தான் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் தோன்ற வேண்டும் என்பது அங்கே வகுத்த அளவுகோல். அமர்விலிருந்த நீதிபதி பாதக் முடிவுக்கு உடன்பட்டாலும் ஒரு தயக்கத்தைப் பதிவு செய்தார்: சாமர்த்தியமாக அங்கங்கே மாற்றினால் திருட்டை மறைப்பது எளிது, கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருக்காவிட்டால் தன் பார்வை வேறாக இருந்திருக்கலாம் என்ற பொருளில். எனக்கு அந்தத் தயக்கம்தான் சரியாகப் படுகிறது. ஆனால் தயக்கம் தீர்ப்பாகாது.

ஆகவே "நான் கதை சொன்னேன், அவர்கள் எடுத்தார்கள்" என்பது வழக்கின் பாதிதான். மீதிப் பாதியைக் காகிதத்தில் காட்டியாக வேண்டும்.

இதற்குள் பலர் ‘சர்கார்’ விஷயத்தை ஞாபகப்படுத்துவார்கள். 2018 தீபாவளிக்கு வரவிருந்த படம். தன் ஓட்டை வேறொருவன் போட்டுவிட்டான் என்று அறிந்த நாயகன் அதற்காகப் போராடுவது கதையின் தொடக்கப் புள்ளி. 2007-இல் ‘செங்கோல்’ என்ற பெயரில் எழுத்தாளர் சங்கத்தில் பதிவான ஒரு கதையும் அதே புள்ளியில் தொடங்கியது. அப்போது சங்கத் தலைவராயிருந்த கே. பாக்யராஜ் இரண்டையும் ஒப்பிட்டு, மூலக்கரு ஒன்றுதான் என்று எழுதிக் கொடுத்தார். விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் போய், படம் வருவதற்குச் சில நாள் முன்பு சமரசமாகி, டைட்டில் கார்டில் அந்த எழுத்தாளருக்கு அங்கீகாரம் கிடைத்தது. இதை வைத்து "சங்கப் பதிவு இருந்தால் ஜெயித்துவிடலாம்" என்று நினைப்பது தவறு. அங்கே தீர்ப்பு எதுவும் வரவில்லை, சமரசம்தான் பதிவாயிற்று. மூலக்கரு ஒன்றாயிருப்பதை வைத்து மட்டும் சட்டப்படி ஜெயித்திருக்க முடியுமா என்பது பெரிய கேள்வி. என் கணிப்பில், சங்கத்தின் கடிதமும் தீபாவளித் தேதியும் சேர்ந்துதான் அந்த முடிவைக் கொண்டுவந்தன. நீங்கள் குறை சொல்லும் படமோ ஏற்கெனவே வெளியாகிவிட்டது. அந்த நெருக்கடி உங்கள் கையில் இல்லை.

சங்கப் பதிவு எதற்குத்தான் பயன்படும்? இன்ன தேதியில் இந்தப் பக்கங்கள் உங்களிடம் இருந்தன என்று காட்ட. அது ஒன்றும் சின்ன விஷயமில்லை. ஆனால் உரிமை பதிவினால் பிறப்பதில்லை. எழுதி முடித்த நொடியிலேயே பிறந்துவிடுகிறது. டெல்லியிலுள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவதும் கட்டாயமில்லை. அங்கே பதிந்தால் 48-ஆவது பிரிவின்படி அந்தப் பதிவேடே முதல்நிலைச் சான்றாகும், அதாவது எதிர்த்தரப்பு மறுத்து நிரூபிக்கும்வரை ஏற்கப்படும். சங்கப் பதிவுக்கு அந்தச் சட்ட மதிப்பு இல்லை. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய்தான் கட்டணம். ஆட்சேபம் வருகிறதா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பு உண்டு. இவ்வளவு மலிவாக இருந்தும் நம் ஆட்கள் செய்வதில்லை. தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். அதுவும் தேதியைச் சொல்லுமே தவிர, வேறொன்றும் சொல்லாது.

‘எந்திரன்’ வழக்கையும் பார்த்துவிடுங்கள், ஒரே சண்டை எத்தனை முகம் எடுக்கும் என்று புரியும். ஆரூர் தமிழ்நாடன் 1996-இல் ‘இனிய உதயம்’ இதழில் ‘ஜுகிபா’ என்ற கதையை எழுதினார். இது வெளிப்படையாக அச்சான கதை, ஆகவே தேதியில் தகராறே இல்லை. 2010-இல் படம் வந்தது. அவர் உரிமையியல் வழக்கும் போட்டார், குற்றவியல் புகாரும் கொடுத்தார். உரிமையியல் வழக்கை 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. குற்றவியல் புகார் மட்டும் தனியாக உயிரோடிருந்தது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின் குற்றம் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இருப்பதால், 2025 பிப்ரவரியில் அமலாக்கத் துறை உள்ளே வந்து இயக்குநர் ஷங்கரின் 10.11 கோடி ரூபாய் மதிப்புள்ள சொத்துகளை முடக்கியது. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அந்த முடக்கத்துக்குத் தடை போட்டது. உரிமையியல் வழக்கே தள்ளுபடியான பின் இது எப்படி என்று கேட்டது. படம் வெளியாகிப் பதினைந்து வருடம் ஆகும் தறுவாயில் நடந்தது இது. வழக்கு என்றால் வருடக்கணக்கு என்பதை மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

குற்றவியல் பாதை உங்களை ஈர்க்கும் என்று தெரியும். 63-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். பிணையில் வெளிவர முடியாத, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் ‘தெரிந்தே செய்தார்’ என்று சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். முழுப் படத்தையும் அப்படியே ஏற்றும் பைரசிக்காரனிடம் அது சுலபம். கதை ஒப்புமையில் அது மிகக் கடினம். மிரட்டலுக்காகப் புகார் கொடுத்தால் சமரசக் கதவும் மூடிக்கொள்ளும்.

உங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வழக்கறிஞரிடம் போகும்போது அவசியம் கேளுங்கள். பதிப்புரிமையை விட்டுவிட்டு, நம்பிக்கை மீறல். ரகசியமாக வைத்துக்கொள்ளும் நம்பிக்கையில் ஒருவரிடம் தந்த தகவலை, அவர் உங்கள் அனுமதியின்றித் தன் லாபத்துக்குப் பயன்படுத்தினால் அதற்குத் தனியாகப் பரிகாரம் உண்டு. 2003-இல் மும்பை உயர் நீதிமன்றம் ஜீ டெலிஃபிலிம்ஸுக்கு எதிரான வழக்கில் இதை ஏற்றது. குட்டிக் கண்ணன் ஒரு குடும்பத்துக்குள் வந்து சிக்கல்களைத் தீர்க்கிறான் என்று ஒரு தயாரிப்பு நிறுவனம் தொடருக்கான குறிப்பு எழுதிச் சேனலிடம் கொடுத்திருந்தது. சேனல் தானே அந்த மாதிரி ஒரு தொடரைத் தொடங்கியது. தடையாணை கிடைத்தது. கண்ணன் யாருக்குச் சொந்தம் என்று சேனல் கேட்கலாம்தான். அந்தக் குறிப்பில் அவனை வைத்து விரித்திருந்த விதமும், அதை எந்தச் சூழலில் கொடுத்தார்கள் என்பதும் நீதிமன்றத்துக்கு முக்கியமாகப் பட்டன. இந்த வழியில் நீங்கள் மூன்றைக் காட்ட வேண்டும்: இன்ன தகவல் என்று திட்டவட்டமாக, அதை நம்பிக்கையில் கொடுத்தது, அதை அவர்கள் பயன்படுத்தியது.

அதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். கதை கேட்க வரச்சொன்ன வாட்ஸ்அப் செய்தி, பி.டி.எஃப். அனுப்பிய மின்னஞ்சல், "செகண்ட் ஹாஃப் கொஞ்சம் இழுக்குது, மாத்திட்டு வாங்க" என்று எவராவது எழுதிய பதில். கடைசியாகச் சொன்னதைப் போல ஒன்று கிடைத்தால் தங்கம், ஏனென்றால் அவர்கள் படித்தார்கள் என்பதற்கு அவர்களே தந்த சாட்சி அது. போனை மாற்றியிருந்தால் பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னணுச் சான்றோடு, அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுத்தது என்று உறுதி சொல்லும் சான்றிதழும் வேண்டும்; முன்பு 65பி சான்றிதழ் என்பார்கள், 2024 ஜூலை முதல் அதுவே புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ். அந்தக் கருவி கையில் இருந்தால்தான் அதை ஒழுங்காகத் தர முடியும்.

பிறகு ஓர் ஒப்பீடு தயார் செய்யுங்கள். ஒரு பக்கம் உங்கள் பதிவான பிரதியின் வரி, எதிரே படத்தின் காட்சி, எந்த நிமிடம் என்பதோடு. நினைவில் இருந்து எழுதாதீர்கள், பதிவுக்குப் பின் நீங்கள் மெருகேற்றிய பிரதியிலிருந்தும் எடுக்காதீர்கள். எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். எந்தப் படத்திலும் வரக்கூடிய ஒற்றுமைகளை (மழையில் பிரிவு, கோயில் திருவிழாவில் சண்டை) நீங்களே வெட்டிவிடுங்கள். ஐம்பது பலவீனமான ஒற்றுமைகளை அடுக்குவதைவிட, தற்செயலாக வர வாய்ப்பே இல்லாத நான்கு ஒற்றுமைகள் நிற்கும். கதைக்கு அவசியமில்லாத ஒரு சின்ன விவரம் இரண்டிலும் இருந்தால், நாயகனின் தாத்தா செய்த விநோதமான தொழில், ஒரு தவறான தேதி, இப்படி ஏதாவது, அது முழுப் பூசணிக்காய். சோற்றில் மறைக்க முடியாது.

நடைமுறை விவரங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உரிமையியல் வழக்குக்கு மூன்று வருடக் காலக்கெடு. நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம், பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு அந்தச் சலுகையைத் தருகிறது. சென்னைக்கு ஓடவேண்டிய கட்டாயமில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமைக்குத் தனிப் பிரிவு இயங்குகிறது. வணிக வழக்கு என்பதால், அவசரத் தடை கேட்காத நிலையில், வழக்குக்கு முன் சமரசப் பேச்சுக்குப் போவது கட்டாயம். அதை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். இந்த மாதிரிச் சண்டைகள் மரியாதையாக முடிவது பெரும்பாலும் அங்கேதான்: ஒரு தொகை, ஓ.டி.டி. பிரதியில் ஒரு பெயர், கையெழுத்து.

படம் வெளிவருமுன் தெரிந்திருந்தால் உடனே போயிருக்க வேண்டும். டிரெய்லர் வந்தபோதே தெரிந்தும் வெளியீட்டுக்கு முந்தைய நாள் ஓடிவருபவர்கள்மேல் நீதிமன்றங்களுக்கு எரிச்சல் உண்டு. 2017-இல் ‘ஃபில்லௌரி’ படத்துக்குக் கடைசி நேரத்தில் தடை கேட்டு வந்தவருக்கு மும்பை உயர் நீதிமன்றம் தடை தரவில்லை, செலவுத்தொகை கட்டச் சொன்னது. தலைப்புக்காகவும் சண்டை போடாதீர்கள். வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் ‘தேசி பாய்ஸ்’ வழக்கில் சொல்லிவிட்டது.

இனி அடுத்த கதை விற்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், 19-ஆவது பிரிவு. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருடம் என்று போடவில்லையென்றால் ஐந்து வருடம்தான். எந்த எல்லை என்று போடவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தவில்லையென்றால், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, அந்த உரிமை காலாவதி. தயாரிப்பாளர் தரப்பு வழக்கறிஞர்களுக்கு இது அத்துப்படி என்பதால்தான் ஒப்பந்தத்தில் "உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்று அச்சிட்டே தருகிறார்கள். அந்த வரியை அடிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் கொஞ்சமாவது நகர்வார்கள்.

பாட்டுக்கு வருகிறேன். பத்து விநாடி, ஏழு விநாடி, நான்கு ஸ்வரம் என்று எந்தக் கணக்கும் நம் சட்டத்தில் இல்லை. 52-ஆவது பிரிவு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. விமர்சனம், செய்தி, சொந்தப் படிப்பு இப்படி நோக்கத்தைப் பார்க்கிறதே ஒழிய கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. நயன்தாரா ஆவணப்படச் சர்ச்சையில் 2024-இல் படத்தின் தயாரிப்பாளரான தனுஷ் தரப்பு 10 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது ‘நானும் ரௌடிதான்’ படப்பிடிப்பில் எடுத்த 3 விநாடிக் காட்சிக்காக என்று நயன்தாராவே எழுதினார். அந்தத் தொகை நியாயமா என்பது வேறு பேச்சு. 3 விநாடி என்பதற்காக யாரும் நோட்டீஸ் அனுப்பாமல் இருக்கப்போவதில்லை.

ஒரு சினிமாப் பாட்டில் குறைந்தது மூன்று உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன: வரி, மெட்டு, ஒலிப்பதிவு. 1977-இல் உச்ச நீதிமன்றம், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், காசு கொடுத்து எழுத வைத்த தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்றது. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் முப்பத்தைந்து வருடம் அதனோடு வாழ்ந்தார்கள். 2012 திருத்தம் வந்தபின், திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும் இடமெல்லாம் அவர்களுக்குச் சம பங்கு ராயல்டி உண்டு. அதை எழுதிக் கொடுத்துவிட முடியாது, எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. (இந்தத் திருத்தம் படத்தில் சேர்ந்த ‘இலக்கியப் படைப்பு’ என்றே சொல்கிறது, ஆகவே திரைக்கதை எழுதியவருக்கும் பொருந்தும். இதைக் கேட்டு வாங்கும் எழுத்தாளர் நம்மிடம் குறைவு.) இளையராஜா வழக்குகள் இத்தனை நீண்டதற்குக் காரணமும் இந்த அடுக்குகள்தான். 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, படைப்பாளி என்ற முறையில் அவருக்குத் தனியாகத் தார்மீக உரிமை (பதிப்புரிமையை விற்றாலும் படைப்பாளியிடமே தங்கும் உரிமை) உண்டு என்றார். ஒலிப்பதிவு உரிமையை வாங்கியிருந்த நிறுவனங்களின் பக்கமும் நியாயம் இருப்பதை ஏற்றார். அதை இரு தரப்பு ரசிகர்களும் தங்களுக்கு வந்த வெற்றியாகக் கொண்டாடியதைப் பார்த்தால், தீர்ப்பை எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியவில்லை.

உங்கள் நாயகன் வாயால் முணுமுணுக்கிறான் என்றால், பழைய ஒலிப்பதிவை நீங்கள் தொடவில்லை. ஆகவே ஆடியோ நிறுவனத்தின் ஒலிப்பதிவு உரிமத்துக்கு வேலையில்லை. வரியும் மெட்டும் பயன்படுகின்றன, அந்த இரண்டுக்கும் அனுமதி வேண்டும். அவை யாரிடம் இருக்கின்றன என்பதைப் படத்தின் தயாரிப்பாளரிடமும் ஆடியோ நிறுவனத்திடமும் தனித்தனியாகக் கேளுங்கள், "எங்களிடம்தான்" என்று சொல்பவரிடம் ஒப்பந்த நகலையும் கேளுங்கள். விழாக்களுக்கு மட்டும் என்று கேட்டால் ஒரு விலை, யூடியூபுக்கும் சேர்த்து என்றால் இன்னொரு விலை. இரண்டையும் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால், எழுதியவர், மெட்டமைத்தவர் இருவருமே மறைந்து அறுபது வருடம் கடந்த பாடலாகத் தேடலாம். நாட்டுப்புறப் பாட்டு என்றால் பிரச்சினை குறைவு, ஆனால் உங்கள் காதில் இருப்பது ஏதாவது படத்தில் மெட்டு மாற்றிப் போட்டதா என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.